ஊருக்குள் 60 கி.மீ. வேகம்: கிராமச் சாலையில் நடப்பவர்களைச் சட்டம் காப்பாற்றுகிறதா?

பெங்களூருவின் தென்கிழக்கு ஓரம். ஆனேக்கல் தாலுக்காவில், சர்ஜாபுராவுக்கும் அத்திபெலேவுக்கும் இடைப்பட்ட ஒரு சின்ன ஊரில் மூன்று வருஷமாக வாடகைக்கு இருக்கிறேன். ஓசூர் பக்கம், வாடகை கட்டுப்படியாகும், ஜன்னலைத் திறந்தால் ராகி வயல். காலை ஆறரைக்கு ஊர்ச் சாலையில் ஒரு நடை போவது வழக்கம். பால் கேனோடு கூட்டுறவு சங்கத்துக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்குக் கிளம்புகிறவர்கள், மாட்டை அவிழ்த்துக்கொண்டு வருகிறவர்கள் என்று அந்த நேரத்தில் ஊரில் பாதிப் பேர் சாலையில்தான் இருப்பார்கள். நடைபாதை கிடையாது. சாலைதான் நடைபாதை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், எதிர்வீட்டு அஜ்ஜி எனக்கு இருபது அடி முன்னால் கேனோடு நடந்துகொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு கார், ஆபீஸுக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டி. எதிரே ஒரு டெம்போ. இரண்டும் சேர்ந்து போக அங்கே இடம் இல்லை. கார் வேகத்தைக் குறைக்காமல் இடது பக்க மண்ணில் இறங்கி ஏறிப் போனது. அந்த மண்ணில்தான் அஜ்ஜி நடந்துகொண்டிருந்தார். கேன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். முழங்கை சிராய்ப்பு, ஏழெட்டு லிட்டர் பால் நஷ்டம், அவ்வளவுதான். தூக்கிவிட்டபோது அவர் முதலில் கேட்டது பாலைப் பற்றித்தான்.

வண்டி நிற்கவில்லை. அந்த மாதிரி வண்டியில் ஐந்து வருஷம் நானும் ஆபீஸ் போயிருக்கிறேன், பின் சீட்டில் தூங்கிக்கொண்டு. எத்தனை ஊர்களை எந்த வேகத்தில் கடந்தேன் என்று தெரியாது.

இந்தச் சாலை ஒரு காலத்தில் இந்த ஊருக்கு மட்டும் உரியது. இப்போது மெயின் ரோடு நெரிசலில் சிவந்தால், மேப் இந்த வழியாகத் திருப்பிவிடுகிறது. நாடு முழுக்க, பெருநகரங்களின் ஓரத்தில் இருக்கும் கிராமங்களுக்கு இதுதான் நிலைமை. தள்ளி இருக்கும் கிராமங்களில் கதை கொஞ்சம் மாறும்: அங்கே மணல் லாரி, செங்கல் டிராக்டர், பண்டிகைக்கு ஊர் திரும்பும் கார்கள். நடப்பவருக்கு ரெண்டும் ஒன்றுதான்.

எத்தனை பேர் சாகிறார்கள்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த வருஷம் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825 பேர். நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 90. மூன்று வருஷம் முன்பு, 2019இல், இது 25,858. அதாவது 27 சதவீத உயர்வு.

இதைப் படிக்கும்போது நம் மனதில் வருவது நகரத்து ஜீப்ரா கிராஸிங்தான். ஆனால் அதே அறிக்கையின் இன்னொரு அட்டவணை வேறு கதை சொல்கிறது. மொத்த உயிரிழப்புகளில் 68 சதவீதம் கிராமப்புறப் பகுதிகளில். சாலை வகைப்படி பார்த்தால் தேசிய நெடுஞ்சாலைகளில் 36.2 சதவீதம், மாநில நெடுஞ்சாலைகளில் 24.3 சதவீதம், மீதி 39.4 சதவீதம் ‘பிற சாலைகள்’. இந்தப் ‘பிற சாலைகள்’ என்ற பெட்டிதான் என்னைப் போல டேட்டாவோடு வேலை செய்கிறவர்களுக்குத் தலைவலி. டெல்லியின் ஆறுவழி அவென்யூவும் அதற்குள்தான், ராகி வயலுக்கு நடுவே போகும் ஒற்றைத் தார்ச் சாலையும் அதற்குள்தான். 66,441 உயிர்கள் அந்த ஒரே வரிசையில் கிடக்கின்றன.

இன்னொரு எண்ணையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 2022 உயிரிழப்புகளில் 71.2 சதவீதத்துக்குக் காரணம் ‘அதிவேகம்’ என்கிறது அறிக்கை. யார் அளந்தது? பெரும்பாலும் யாரும் அளக்கவில்லை. விபத்து நடந்த பிறகு போலீஸ் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். அதில் எளிதாக விழும் சொல் இது. வேகம் காரணமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் ‘அதிவேகம்’ என்ற பெயரில் ஒரு ஓட்டுநர் தலையில் கட்டிவிட்டால், அந்தச் சாலை ஏன் அந்த வேகத்துக்கு இடம் கொடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. நடப்பவர்களின் இறப்பே தேசியக் கணக்கில் குறைத்துப் பதிவாகிறது என்று டெல்லி ஐஐடியின் சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பல வருஷங்களாகச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் முதல் தகவல் அறிக்கைகளை நேரடியாகப் படித்துக் கணக்கெடுத்த இடங்களில் நடப்பவர்களின் பங்கு அரசுக் கணக்கைவிட அதிகமாக வந்தது.

30க்கும் 60க்கும் என்ன பெரிய வித்தியாசம்?

ஓட்டும்போது பெரிதாகத் தெரியாது. அதிலும் ஹைவேயில் ஒரு மணி நேரம் 100இல் வந்துவிட்டு ஊர்ச் சாலையில் திரும்பினால், 60 என்பது ஊர்வது மாதிரி இருக்கும். கண்ணும் காதும் பழைய வேகத்துக்குப் பழகிவிட்டிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. முன்னால் ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது. ஓட்டுநர் அதைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தார்ச் சாலை, நல்ல டயர். 30 கி.மீ. வேகத்தில் வந்த கார் அந்த ஒரு விநாடியில் சுமார் 8 மீட்டர் போகும், பிரேக் பிடித்த பிறகு இன்னும் 5 மீட்டர். 13 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும். 60இல் வந்த கார்? அந்த முதல் விநாடியிலேயே கிட்டத்தட்ட 17 மீட்டர் போயிருக்கும். முதல் கார் நின்ற இடத்தை ரெண்டாவது கார் கடக்கும்போது அதன் பிரேக்கில் இன்னும் கால்கூடப் படவில்லை. முழு 60 கி.மீ. வேகத்தில் மோதும். அது நிற்க மொத்தம் 37 மீட்டர் வேண்டும்.

மோதலின் ஆற்றலை வேறு மாதிரி சொல்லலாம். 30 கி.மீ. வேகத்தில் அடிபடுவது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முதல் மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். 60 என்றால் 14 மீட்டர், நாலாவது மாடிக்கும் மேலே. வேகம் ரெண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நாலு மடங்கு என்று பள்ளியில் படித்ததுதான். கார் மோதும் வேகம் 50இலிருந்து 65க்குப் போனால் நடப்பவர் இறக்கும் வாய்ப்பு 4.5 மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால்தான் நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து போகும் இடங்களில் 30தான் உச்சம் என்று 2020இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டுப் பிரகடனம் சொன்னது.

இதில் ஓட்டுகிறவருக்கு என்ன நஷ்டம்? எங்கள் ஊர் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 800 மீட்டர். 60இல் போனால் 48 விநாடி, 30இல் போனால் 96 விநாடி.

சாலையிலேயே பிரச்சினை இருக்கிறதா?

இருக்கிறது. 2000 டிசம்பர் 25 அன்று பிரதமரின் கிராமச் சாலைகள் திட்டம் தொடங்கியதிலிருந்து லட்சக்கணக்கான கிலோமீட்டர் கிராமச் சாலைகள் தார் கண்டிருக்கின்றன. 2024இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்தில் மட்டும் 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கி.மீ. இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வருவதும், பெண் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போவதும் இந்தச் சாலைகளால்தான்.

ஆனால் அளவைப் பாருங்கள். இந்தத் திட்டத்தில் ஒரு வழக்கமான சாலையின் தார் அகலம் 3.75 மீட்டர். ஒரு எஸ்யூவி 1.8 மீட்டருக்குக் குறையாது, கண்ணாடிகளைச் சேர்த்தால் ரெண்டு மீட்டரைத் தாண்டும். ஆக, எதிரெதிரே ரெண்டு வண்டி வந்தால் ஒன்று மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். பொறியியல்படி அந்த மண் ஓரம் இருப்பதே அதற்குத்தான். நடைமுறையில் நடப்பவருக்கு இருக்கும் ஒரே இடமும் அதுதான். அஜ்ஜி விழுந்தது தற்செயல் இல்லை, அந்தச் சாலை போடப்பட்ட விதத்திலேயே அந்த மோதல் இருக்கிறது.

பல ஊர்களில் அந்த மண்கூட நடக்கிற மாதிரி இருக்காது. ஒவ்வொரு முறை புதுத் தார் போடும்போதும் சாலை உயர்ந்துகொண்டே போகும், ஓரம் அரை அடி பள்ளமாகும், மழை வந்தால் சேறு. அங்கே போய் ‘ஏன் தாரில் நடக்கிறீர்கள்’ என்று ஹாரன் அடிப்பது நியாயமா?

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஐஆர்சி எனப்படும் இந்திய சாலைகள் காங்கிரஸ் வெளியிட்ட கிராமச் சாலைக் கையேட்டில், சமவெளியில் கிராமச் சாலைகளின் வடிவமைப்பு வேகம் மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வளைவும் பார்வைத் தூரமும் அந்த வேகத்துக்குத்தான் கணக்கிடப்படுகின்றன. மத்திய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட வேக வரம்பு அறிவிக்கை இதே சாலைகளில் கார்களுக்குக் கொடுத்த உச்ச வரம்பு 70.

சட்டம் கிராமத்தை எங்கே வைத்திருக்கிறது?

அந்த 2018 அறிவிக்கை சாலைகளை நான்காகப் பிரித்தது. எக்ஸ்பிரஸ்வே, நடுவில் தடுப்புள்ள நான்கு வழிச் சாலை, நகராட்சி எல்லைக்குள் வரும் சாலைகள், பிறகு வழக்கம்போல ‘பிற சாலைகள்’. வீடுகள் நிறைந்த கிராமத் தெரு என்று ஒரு வகையே கிடையாது. கார்களுக்கு முறையே 120, 100, 70, 70. ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. வரம்புகளைக் குறைத்துப் புதிதாக வெளியிடச் சொன்னது. அன்று விவாதமெல்லாம் எக்ஸ்பிரஸ்வேயின் 120ஐச் சுற்றித்தான் நடந்தது. கிராமத் தெருவின் 70 பற்றிப் பேச ஆள் இல்லை.

நகரத்தில் நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 கி.மீ. என்று அறிவித்தது. நகர எல்லையைத் தாண்டிய கிராமத்துக் குடியிருப்புக்கு அந்த 30 பொருந்தாது.

சரி, வரம்பு இருந்தாலும் யார் பிடிப்பது? 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, வேகக் கேமராக்களை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்கிறது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஆபத்தான பகுதிகள், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்கள், பட்டியலிடப்பட்ட 132 நகரங்கள். கிராமச் சாலை அதில் இல்லை. செலவைப் பார்த்தால் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவுதான், ஒவ்வொரு கிராமத்திலும் கேமரா வைக்க முடியாது. ஆனால் விளைவு என்னவென்றால், அதிவேகத்துக்கு 183ஆம் பிரிவு விதிக்கும் 1,000 முதல் 2,000 ரூபாய் அபராதம் (லாரி, பஸ்ஸுக்கு 2,000 முதல் 4,000) ஊருக்குள் பறக்கும் காருக்கு ஏட்டில் மட்டும் இருக்கிறது.

மோதிவிட்டுப் போனவரைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். 2022இல் மோதிவிட்டு நிற்காமல் போன வாகனங்களால் இறந்தவர்கள் நாடு முழுக்க 30,486 பேர். விபத்துகள் அதிகம் நடக்கும் மாலை 6 முதல் 9 மணி, பல கிராமங்களில் தெருவிளக்கு பாதி எரியாத நேரம். சிசிடிவி கிடையாது, நம்பரைப் பார்த்தவர் கிடையாது. இப்படிப்பட்ட வழக்கில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், படுகாயமடைந்தவருக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. அதற்கு முன்பு 25,000தான். இப்படி ஒரு திட்டம் இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. ஊரில் யாருக்காவது தேவைப்பட்டால் விண்ணப்பத்தோடு தாலுக்கா அலுவலகத்துக்கு கூடப் போய் வாருங்கள்.

ஊரே கட்டிக்கொள்ளும் வேகத்தடை

யாரும் வராதபோது ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? ஒரு ராத்திரியில் ரெண்டு மூட்டை சிமென்ட், கொஞ்சம் ஜல்லி, வேகத்தடை தயார். சில ஊர்களில் மண்ணைக் குவிப்பார்கள், சில ஊர்களில் மரத்தைக் குறுக்கே போட்டு மூடுவார்கள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே அப்படி ஒன்று இருக்கிறது. முக்கால் அடி உயரம், பெயின்ட் இல்லை, பலகை இல்லை. கார் அங்கே நிஜமாகவே நிற்கிறது. ஆனால் இருட்டில் பைக்கில் வரும் வெளியூர்க்காரர் பறக்கிறார். பின்னால் உட்கார்ந்து புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெண்தான் பெரும்பாலும் விழுகிறார்.

ஐஆர்சி சொல்லும் வேகத்தடை வேறு. உயரம் 10 செ.மீ. மட்டும், ஆனால் அகலம் 3.7 மீட்டர். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் வளைவு. 25 கி.மீ. வேகத்தில் கடந்தால் முதுகு வலிக்காது, 50இல் கடந்தால் தலை கூரையில் இடிக்கும். கறுப்பு வெள்ளைப் பட்டை வேண்டும், 40 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வேண்டும். ஊர்க்காரர்கள் கட்டுவது குறுகலாக, செங்குத்தாக இருப்பதற்குக் காரணம் எளிது: அகலமாகக் கட்ட சிமென்ட் அதிகம் வேண்டும்.

அவர்களைச் சட்டவிரோதம் என்று சொல்வது சுலபம், சட்டப்படி உண்மையும்கூட. ஒரு குழந்தை அடிபட்ட மறுநாள் அந்த ஊரில் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

யாரிடம் கேட்பது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு அதிகம் பேசப்படாத ஒன்று. ஒரு குறிப்பிட்ட சாலையிலோ பகுதியிலோ மக்களின் பாதுகாப்புக்காகவோ சாலையின் தன்மைக்காகவோ வேக வரம்பைக் குறைக்க மாநில அரசுக்கோ, அது அதிகாரம் கொடுத்தவருக்கோ உரிமை உண்டு. பல மாநிலங்களில் அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடமும் காவல் ஆணையரிடமும் இருக்கிறது. அரசிதழில் அறிவித்து, சாலையில் பலகை வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாடு என்றால் அரசிதழ் அறிவிப்புகூடத் தேவையில்லை. திருவிழா, அறுவடை, மெயின் ரோடு வேலைக்காக வண்டிகளைத் திருப்பிவிடும் காலம், இதற்கெல்லாம் கைக்கு அடக்கமான வழி அது.

ஆனால் முதலில் தெரிய வேண்டியது, சாலை யாருடையது என்பது. நான் மனுவோடு போன அலுவலகத்தில், ‘இது எங்க ரோடு இல்லைங்க’ என்ற பதில் வந்தது. அடுத்த அலுவலகத்திலும் அதே பதில். ஒரே சாலை ஊருக்கு வெளியே பொதுப்பணித் துறை, ஊருக்குள் பஞ்சாயத்து என்று மாறிக்கொண்டே போகும். சாலைகள் அரசமைப்புச் சட்டத்தின் பதினோராம் அட்டவணைப்படி பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்க பொருள்தான், ஆனால் எந்தச் சாலை என்பதை மாநிலப் பதிவேடுதான் முடிவு செய்யும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி போட்டு அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிய பிறகுதான் எங்கள் மனு நகர்ந்தது.

அதன்பிறகு கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் பல மாநிலங்களில் கூடுகிறது. தீர்மானம் நிறைவேறினால் ஒரு தனி ஆளின் புகார் ஊரின் கோரிக்கையாகிறது. அதை மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் அப்படி ஒன்று அமைக்க 215ஆம் பிரிவு வழி செய்கிறது.

மேலே இருந்தும் ஒரு அழுத்தம் வந்திருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கு இன்னும் உச்ச நீதிமன்றத்தில் உயிரோடு இருக்கிறது. உடைந்த எலும்புகளோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து ஒரு மருத்துவர் போட்ட வழக்கு. அதில்தான் 2025 அக்டோபரில் நீதிமன்றம், நடப்பவர்களுக்கான விதிகளையும், தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்பு, பராமரிப்புத் தரங்களுக்கான விதிகளையும் ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கிராமச் சாலை ‘தேசிய நெடுஞ்சாலை அல்லாத’ என்ற அந்தச் சொற்களுக்குள் வருகிறது. உங்கள் மாநிலம் எழுதும் விதியில் மண் ஓரமும் வேகத்தடையும் ஊர் நுழைவாயிலும் இடம்பெறுகிறதா என்று பார்ப்பது முக்கியம்.

அதுவரை நடப்பவர் என்ன செய்வது? நடைபாதை இல்லாத சாலையில் வலது பக்கம், வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பது நல்லது. அஜ்ஜிக்கு அந்தக் கார் வருவது தெரியாமல் போனதற்குக் காரணம் அது முதுகுப் பக்கம் வந்ததுதான். இருட்டில் போன் டார்ச்சை எரியவிடுங்கள், ஹெட்போனைக் கழற்றுங்கள். ஆனாலும் எதிர்த்த பக்கம் நடக்கச் சொன்னபோது அஜ்ஜி கேட்டார்: ‘பால் சங்கம் இந்தப் பக்கம்தானே இருக்கு?’

கிராம சபைக்கு முன்பு எங்களுக்கு ஒரு ஆதாரம் தேவைப்பட்டது. ரேடார் துப்பாக்கி எங்கே போவது? டேப்பை வைத்துச் சாலையில் 50 மீட்டர் அளந்தோம். ரெண்டு முனையிலும் சுண்ணாம்பால் கோடு. போனில் ஸ்டாப்வாட்ச். முதல் கோட்டைத் தொட்டதும் அழுத்த வேண்டும், ரெண்டாவது கோட்டில் நிறுத்த வேண்டும். ஆறு விநாடி ஆனால் வண்டி 30இல் போகிறது. நாலரை என்றால் 40. மூன்று என்றால் 60. கையால் அழுத்துவதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதனால் ஒவ்வொரு கோட்டருகிலும் ஒருவர் கை தூக்கிச் சைகை காட்ட வேண்டும். வண்டி வகை, நேரம், விநாடி என்று மூன்று பத்தி போட்ட நோட்டு போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நானும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேரும் உட்கார்ந்தோம். வாட்ச்சை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வாங்கிக்கொண்டான். முதல் கார் வந்தது. அவன் கன்னடத்தில் கத்தினான்: ‘மூரு!’ நான் நோட்டில் 3 என்று எழுதினேன். கார் நம்பரைப் பார்த்தேன், எங்கள் தெருக்காரர் வண்டி.